கோழியிடமும் கேட்கலாம்

ஓர் ஏ4 தாளை எடுத்து, அதன் நீளத்தில் மூன்றரை சென்டிமீட்டரை மடித்துவிடுங்கள். மிச்சம் சுமார் 550 சதுர சென்டிமீட்டர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 முடியும்வரை, கூண்டில் வளரும் முட்டைக்கோழி ஒன்றுக்குச் சட்டப்படி தரவேண்டிய குறைந்தபட்ச இடம் இவ்வளவுதான். 2012 முதல் அந்த வெறுங்கூண்டுக்குத் தடை. ஆனால் கூண்டே ஒழிந்துவிடவில்லை. இப்போது கோழிக்கு 750 சதுர செ.மீ., உட்கார ஒரு கழி, முட்டையிட ஒரு மறைவிடம்.

இது வெற்றியா? விலங்கு அறவியல் படிப்பவர்கள் இந்த இடத்தில்தான் முட்டிக்கொள்கிறார்கள். 1975இல் தத்துவவாதி பீட்டர் சிங்கர் விலங்குகளின் துன்பத்தைக் கணக்கில் எடுக்கச் சொன்னார். அந்தக் கணக்கில் கூடுதலாகக் கிடைத்த 200 சதுர செ.மீ.க்கும் மதிப்பு உண்டு. 1983இல் இன்னொரு தத்துவவாதி டாம் ரீகன், விலங்குக்கு உரிமை இருக்கிறது, அது நம் பயன்பாட்டுப் பொருளே அல்ல என்றார். சட்ட அறிஞர் கேரி பிரான்சியோன் இன்னும் ஒரு படி மேலே போய், இப்படிப்பட்ட சீர்திருத்தங்கள் வாங்குபவரின் மனசாட்சியைத் தூங்க வைக்கும் என்கிறார்.

தூங்க வைக்கிறதா என்பது ஆராய்ந்து பார்க்கக்கூடிய கேள்விதான். ஆனால் எப்படி ஆராய்வது? விலங்குகளுக்காகப் பிரசாரம் செய்பவர்கள் துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்துவிட்டு, "இனி இறைச்சியைக் குறைப்பீர்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் கேட்டவர் மனம் கோணாமல் பதில் சொல்வார்கள். (நானும் சொல்லியிருக்கிறேன். குறைக்கவில்லை.) பிரசாரம் பலித்ததா என்பதை மனிதர்களின் வாக்குறுதியை வைத்தே அளந்தால், யாருக்காகப் பிரசாரமோ அந்த உயிர் கணக்கிலேயே வராது.

கோழியிடம் எப்படிக் கேட்பது என்கிறீர்களா? கேட்டிருக்கிறார்கள். 1970களிலேயே விலங்கு நடத்தை ஆய்வாளர் மரியன் டாக்கின்ஸ் கோழிகளுக்கு இரண்டு வகை இடங்களைக் காட்டி, எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று பார்த்தார். பின்னால் வந்தவர்கள், ஒன்றை அது எவ்வளவு விரும்புகிறது என்று அறிய, பாரம் ஏற்றிய கதவுகளை வைத்தார்கள். முட்டையிடும் நேரம் நெருங்கினால், மறைவான ஒரு கூட்டுக்காகக் கோழி அந்தக் கதவைத் தள்ளித் திறக்கிறது. என்னைக் கேட்டால், நூறு கருத்துக்கணிப்பைவிட இது நேர்மையான பதில்.

பிரான்சியோன் பக்கம் நிற்பவர்கள் உடனே கேட்பார்கள்: கூண்டுக்குள் இருக்கச் சம்மதமா என்று அதனிடம் யார் கேட்டது? சரிதான், அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் முட்டை வரும் நேரத்தில் கதவை முட்டிக்கொண்டு நிற்கிற கோழியிடம், "கூண்டெல்லாம் ஒழியும்வரை பொறு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.