கிராபிக்ஸ் வேறு, கேம்பிளே வேறு
வீடியோ கேம்களில் கிராபிக்ஸ், அதாவது திரையில் தெரியும் படங்களின் தரம், கூடியதால் கேம்பிளேவும், அதாவது விளையாடும் விதமும், உயர்ந்துவிட்டது என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1997-இல் நோக்கியா 6110 போனில் வந்த பாம்பு விளையாட்டில் கருப்புக் கட்டங்களைத் தவிர வேறென்ன இருந்தது? ஆனால் இரை தின்னத் தின்ன வால் நீளும், அந்த வாலே நமக்குச் சுவராகிவிடும், அடுத்த திருப்பத்தை இப்போதே யோசித்தாக வேண்டும். கேம்பிளே அதில்தான் இருக்கிறது. தாம்பரம் மின்சார ரயிலில் நின்றுகொண்டே கட்டைவிரலால் 2, 4, 6, 8 அழுத்தி விளையாடி, கிண்டியில் இறங்க மறந்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், விளையாட்டில் கதைதான் முக்கியம் என்கிறார். சரி, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டில் என்ன கதை? 1980-களில் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் அதை உருவாக்கிய எலக்ட்ரோனிகா 60 கணினியில் படமே காட்ட முடியாது. அடைப்புக்குறிகளை வைத்தே கட்டைகளை விழவைத்தார். என் மகள் இன்றும் டெட்ரிஸைக் கீழே வைக்க மாட்டேன் என்கிறாள்.