முயலுக்கு எந்தத் தோட்டா என்று கேட்டால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை நேரலையில் நடந்ததை நான் திரும்ப விவரிக்கப் போவதில்லை. பார்த்துவிட்டுத்தானே இத்தனை பேர் எனக்கு உள்பெட்டியில் அனுப்பியிருக்கிறீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். மனம் ஆறவில்லை.

நேரலையில் அந்தப் பெடியன் கேட்டது நல்ல கேள்வி. அவுஸ்திரேலியாவில் ஒரு நாட்டுப்புறத்துக்கு வேலைக்குப் போயிருக்கிறான். அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டான். பண்ணைக்காரர் தன் காணியில் முயல் சுடச் சம்மதித்திருக்கிறார். முதல் துவக்கு வாங்கப் போகிறான். .22 லோங் ரைபிள் போதுமா, .17 எச்எம்ஆர் எடுப்பதா என்று மரியாதையாகக் கேட்டான். இரண்டும் சின்னத் தோட்டா வகைகள், எண் என்பது குண்டின் அகலம், ஏறத்தாழ அங்குலக் கணக்கில். ".22 சின்னப்பிள்ளைகள் பேணி சுடுகிற சாமான், வேகம்தான் எல்லாம், .17 எடு" என்று நேரலை நடத்தியவர்களிடமிருந்து பதில் வந்தது. அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சிரிப்பு. நான் கீழே எழுதிய நாலு வரியையும் அழித்துவிட்டார்கள்.

அந்த நாலு வரியில் இருந்தது இவ்வளவுதான்: தோட்டா எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்பதற்கு முன்னால், அதன் சன்னம், அதாவது முனையிலிருந்து பறந்து போகிற குண்டு, எங்கே போய் நிற்கும் என்று கேள். இதை எழுதியதற்கு அழிப்பா?

வேகக் கணக்கை நான் மறுக்கவில்லை. .22 லோங் ரைபிளின் 40 கிரெயின் எடைச் சன்னம் செக்கனுக்குச் சுமார் 1,200 அடி போகும். .17 எச்எம்ஆரின் 17 கிரெயின் சன்னம் 2,550 அடி போகும். இரண்டு மடங்குக்கும் மேல். 1959இல் வந்த .22 மக்னம் என்ற பெரிய தோட்டாவின் கோதை, அதாவது பித்தளைக் குழாயை, எடுத்து, கழுத்தை ஒடுக்கி, சின்னச் சன்னம் ஒன்றைப் பொருத்தி .17ஐ 2002இல் கொண்டுவந்தார்கள். அருமையான வேலை. 100 மீற்றர் வரை அது கோடு கீறியதுபோல் போகும். .22இன் குறியை 50 மீற்றருக்குச் சரிசெய்து வைத்தால் 100இல் சன்னம் அரை அடி அளவுக்கு இறங்கிவிடும். எல்லாம் சரி. ஆனால் அவன் முயல் சுடப் போகிறான். பின்னேரம் பற்றைக்குள்ளிருந்து வந்து மேய்கிற முயலுக்கு, பொறுமையாக நடந்தால், 40, 50 மீற்றர் கிட்டப் போகலாம். அந்தத் தூரத்தில் முனை குழிந்த .22 சன்னம் தலையில் பட்டால் முயல் நின்ற இடத்திலேயே முடிந்துவிடும், இறைச்சியும் முழுதாகக் கிடைக்கும். .17 உடம்பில் பட்டால் சமைக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். சமைக்கத்தான் கேட்கிறேன் என்றும் அவன் சொன்னான். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

நான் படித்துவிட்டு எழுதவில்லை. கொழும்பு வெள்ளவத்தைக்குத் திரும்பி வருவதற்கு முன் ஆறு வருடம் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இருந்தேன். 1859இல் விக்டோரியாவில் வேட்டைக்கென்று திறந்துவிட்ட சில முயல்கள் பெருகி நாட்டையே மேய்ந்த கதையை அங்கே எல்லா விவசாயியும் சொல்வார்கள். எனக்குச் சுடப் பழக்கியவர் பக்கத்துப் பண்ணைக்காரர். முதல் நாள் துவக்கைத் தொடவே விடவில்லை. சுட்ட கோது ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். சின்னப் பித்தளைக் குழாய். அடி விளிம்பில், ஊசி குத்திய ஒரு பள்ளம். தட்டினால் பற்றுகிற தட்டுமருந்து அந்த விளிம்புக்குள்தான் இருக்கிறது, ஊசி அதை நசுக்கவேண்டும் என்பதால் தகடு மெல்லிசு, மெல்லிசு என்பதால் பெரிய அழுத்தம் தாங்காது, ஆகவே இந்தச் சாதித் தோட்டா எல்லாம் சின்ன வேலைக்கு, அதற்கு மேல் வேலை வாங்க நினைக்காதே என்றார்.

நான் நினைத்தேன். இரண்டாவது வருடம், காற்று அடிக்கிற ஒரு பின்னேரம், அவருடைய .17ஐ வாங்கி 150 மீற்றர் தூரத்தில் நின்ற முயலைச் சுட்டேன். மணிக்கு 10 மைல் காற்று பக்கவாட்டில் அடித்தாலே அந்த இலேசான சன்னம் அவ்வளவு தூரத்தில் சுமார் ஒன்பது, பத்து அங்குலம் தள்ளுப்படும். முயலின் தலை எவ்வளவு பெரிது? பின்காலில் பட்டது. முயல் கத்தும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. கைக்குழந்தை மாதிரிக் கத்தும். பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டது. அவர் டோர்ச் எடுத்துவந்து, இருட்டிய பிறகும் வளை வளையாகத் தேடினார். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முயல் கிடைக்கவும் இல்லை. வேகம்தான் எல்லாம் என்று சொல்கிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறீர்களா?

.22இன் குற்றத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். கோடையில் இறுகிப்போன நிலத்தில் ஒரு முறை சுட்டுத் தவறியது. மண்ணில் பட்ட சன்னம் கீச்சென்று கிளம்பிப் போனது. கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டகைப் பக்கம் போனால், தகரத் தண்ணீர்த் தாங்கியின் நடுவில் நூல் மாதிரி ஒரு தாரை சாய்ந்து விழுந்துகொண்டிருக்கிறது. அந்தத் தாங்கிக்குக் கீழே நிழலில் அவருடைய பேத்தி வழக்கமாக விளையாடுவாள். அன்று அவள் பாடசாலையில். விரலால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

".17 சன்னம் மண்ணில் பட்டதும் சிதறிவிடும், அப்படித் தெறித்துப் போவது குறைவு, அப்படியென்றால் அதுதானே பாதுகாப்பு?" என்று கேட்பீர்கள். உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தவறாமல் படவைக்கப் பழகவேண்டுமே? ஒரு பெட்டி .17 வாங்குகிற காசுக்கு .22 இரண்டு மூன்று பெட்டி வாங்கலாம். புதிதாகத் தொடங்குகிறவனுக்கு அந்தப் பழக்கம்தான் பெரிது. இன்னொருவர் அவனைத் தானியங்கி எடுக்கச் சொன்னார். 1996இல் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் சுட்டு 35 பேர் சாகடிக்கப்பட்ட பிறகு அங்கே தானாக ஏற்றிக்கொள்ளும் .22கூடச் சாதாரண அனுமதிப்பத்திரத்தில் கிடையாது. தெரியாவிட்டால் சொல்லாமல் இருக்கலாம்.

பிறகு நேரலையில் கதை இலங்கையில் பயிரை அழிக்கிற குரங்குக்குப் போனது. தோட்டக்காரர்களுக்கு .17 கொடுத்தால் பிரச்சினை தீரும் என்றார்கள். குரங்குத் தொல்லை எனக்குத் தெரியாததா? மாத்தளையில் என் அக்காவின் வளவில் ஒரு குரும்பை மிஞ்சுவதில்லை. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு இலங்கை முழுவதும் ஐந்து நிமிடம் பயிரை அழிக்கிற விலங்குகளை எண்ணினார்களே, அன்று அக்கா கொப்பியும் பேனையுமாக வாசலில் நின்று எண்ணினாள். அவளுடைய நட்டத்தை நான் இலேசாகப் பேசமாட்டேன். ஆனால் முயல் தரையில் நிற்கிறது, அதற்குப் பின்னால் மண் இருக்கிறது. தென்னையில் இருக்கிற குரங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது? வானம். வானத்துக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கூரை. .22 தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் போகும், கவனம் என்று அச்சடித்திருப்பார்கள். வெள்ளவத்தையில் மேல்நோக்கிச் சுட்டால் பக்கத்துப் பம்பலப்பிட்டியில் யார் தலையிலோ விழலாம் என்று அதற்கு அர்த்தம். சின்னப்பிள்ளைச் சாமான் என்று சிரித்தீர்களே, அதன் கதையே இது.

"ஒரு தமிழன் இவ்வளவு ஆசையாகத் துவக்கைப் பற்றி எழுதலாமா, வெட்கமாக இல்லையா" என்று ஒரு அண்ணை கேட்டிருந்தார். அதுதான் என்னை அதிகம் சுட்டது. அண்ணை, வவுனியாவில் எங்கள் அம்மாவின் வீட்டு முன்கதவில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்கு நேரே சுவரில் இன்னொன்று. யார் சுட்டது என்று எங்களுக்குத் தெரியாது, யாரைச் சுட்டது என்றும் தெரியாது. சுவர் ஓட்டையை அம்மா கலண்டர் மாட்டி மறைத்தா. வருடம் மாற மாறக் கலண்டர் மாறும், ஆணி மாறாது. டிசம்பர் முடிவில் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுகிற அந்த ஒரு நிமிடம் நாங்கள் எல்லோரும் அதைப் பார்ப்போம். சன்னம் எங்கே போய் நிற்கும் என்ற கேள்வி எனக்கு அவுஸ்திரேலியாவில் வந்தது என்றா நினைக்கிறீர்கள்? ஆசையில் எழுதுகிறேன் என்றா?

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். .22 எடு. நாலு கொம்பனியின் தோட்டாவில் ஒவ்வொரு பெட்டி வாங்கு, ஒரே துவக்கு ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாதிரிச் சுடும். 50 மீற்றரில் கடதாசி வைத்து, எது ஐந்தையும் ஒரே இடத்தில் போடுகிறதோ அதை வைத்துக்கொள். அதற்கு மேல் தூரமாக நிற்கிற முயலை விட்டுவிடு, நாளைக்கும் வரும். முதல் நாள் போகும்போது துவக்கை வீட்டில் வைத்துவிட்டுக் காணியைச் சுற்றி நட. எந்தப் பக்கம் மண்மேடு, எந்தப் பக்கம் வீதி, தண்ணீர்த் தாங்கி எங்கே என்று பார்த்துக்கொள். மிச்சத்தை உள்பெட்டியில் கேள்.