சென்னைக்காரர்களிடம் பூர்வீகம் கேட்பவர்களுக்கு

ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆளில்லாத அண்ணா சாலையைப் படம் பிடித்துப் போட்டு, "சென்னையே காலி" என்று எழுதுகிறார்கள். அந்த நாட்களில் ஒரு தடவை வட சென்னையில் புளியந்தோப்புக்கோ காசிமேட்டுக்கோ வந்து பாருங்கள். தெருவில் நடக்க இடம் இருக்காது. எங்களுக்குப் போவதற்கு வேறு ஊர் கிடையாது.

ஆனால் "சென்னைதான் சொந்த ஊர்" என்று சொன்னால் யாரும் அதோடு விடுவதில்லை. "அது சரி, பூர்வீகம் எது?" என்று அடுத்த கேள்வி வரும். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால், அட்வான்ஸ் பேசுவதற்கு முன்பே வந்துவிடும். ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு, குலதெய்வம் எது என்று நீளும். எதைத் தெரிந்துகொள்ள இத்தனை சுற்று என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

என் தாத்தா செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து பி அண்ட் சி துணி மில்லில் வேலைக்குச் சேர்ந்தவர். ஊர்ப் பெயரைக் கடைசிவரை சொன்னதே இல்லை. கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் இறந்த பிறகு ஒருநாள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே ஆயா சொன்னார்: "செத்த மாட்டைத் தூக்கச் சொன்னாங்க. உங்க தாத்தா மாட்டேன்னுட்டாரு. இருந்தா வுட மாட்டாங்கன்னு ராத்திரியே கெளம்பிட்டோம்." இடுப்பில் என் பெரியப்பா, கையில் ஓர் அலுமினியக் குண்டான். அவ்வளவுதான் கொண்டு வந்தது. சொல்லி முடித்துவிட்டு மறுபடியும் கல் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

பூர்வீகம் கேட்பவர்கள் இப்படி ஒரு பதிலை எதிர்பார்ப்பதில்லை. வட சென்னையில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒரு ராத்திரி இருக்கிறது. கடன், பஞ்சம், சாதி, கலப்புத் திருமணம் என்று காரணம் மாறும். வந்த கதையைப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் விட்டதற்கு அவமானம் மட்டும் காரணம் இல்லை, யாரும் தேடி வந்துவிடக் கூடாதே என்ற பயமும்தான்.

இந்த நகரமே வந்தவர்களால் ஆனது. 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இடம் கிடைத்ததுமே நெசவாளிகளையும் சாயக்காரர்களையும் வரவழைத்துக் குடியேற்றினார்கள். சிந்தாதிரிப்பேட்டை 1734இல் நெசவாளர்களுக்காகவே உண்டாக்கிய பேட்டை. சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726இல் பாலம் கட்டிய உஸ்கான் ஓர் ஆர்மீனிய வணிகர். இவர்கள் வந்த கதை கல்வெட்டிலும் கம்பெனிப் பதிவிலும் இருக்கிறது. பழைய இடங்களைச் சுற்றிப் பார்க்கப் பாரம்பரிய நடை (ஹெரிடேஜ் வாக்) போகிறவர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள், சந்தோஷம்தான். குண்டானோடு வந்தவர்களின் கதைக்குத்தான் கல்வெட்டு இல்லை.

பர்மாக்காரர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962இல் ராணுவ ஆட்சி வந்து, கடைகளை அரசுடைமையாக்கிய பிறகு, ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கப்பலேறி வந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கின. தலைமுறை தலைமுறையாக உழைத்துச் சேர்த்ததை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள். பீச் ஸ்டேஷன் எதிரே வண்டிக்கடையில் அத்தோ சாப்பிடுகிறோம். ஆரஞ்சு நிற நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய் போட்டுக் கையாலேயே பிசைந்து, மேலே தட்டையை நொறுக்கிப் போட்டு, கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். ருசியைப் பற்றி எல்லோரும் வீடியோ போடுகிறார்கள். பிசைகிறவரின் அம்மா எந்த ஊரில் கப்பல் ஏறினார் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம்.

இன்று மெட்ரோ பள்ளத்தில் வேலை செய்யும் பிகார், ஒடிசா பையன்களை "வடக்கன்" என்று எங்கள் தெருப் பையன்களே கூப்பிடும்போது எனக்கு வயிறு எரிகிறது. தம்பி, உன் தாத்தாவும் இப்படி ஒரு மூட்டையோடு வந்தவர்தான்.

இந்த மறதிக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுப்பவர்கள் ஆறு, கால்வாய்க் கரையோரத்து மக்கள். 1876-78 பெரும் பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாதவர்களுக்கு நிவாரண வேலையாகக் கொடுத்து, அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டியதுதான் நகருக்குள் ஓடும் பக்கிங்காம் கால்வாயின் நடுப்பகுதி. அந்தக் கால்வாய்க்குள்ளேயே தூண்களை இறக்கிப் பறக்கும் ரயில் விட்டோம், அதற்குப் பெயர் வளர்ச்சி. கரையில் குடிசை போட்டவன் மட்டும் ஆக்கிரமிப்பாளன். அவனுக்குச் சொந்த ஊர் இல்லை, பட்டா இல்லை, ஆகவே எங்கே வேண்டுமானாலும் தூக்கிப் போடலாம் என்ற நினைப்பில் நகரின் தெற்கு ஓரத்தில் உள்ள கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமாக நடந்தது. அதிகாலையில் வீட்டு வேலைக்குப் போன அக்காக்கள், மீன் விற்றவர்கள், கொத்தனார்கள் எல்லோருக்கும் பிழைப்பு ஒரு பக்கம், வீடு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்குப் படிப்பு பாதியில் நின்றது. அந்த முகவரியைப் போட்டால் வேலை கிடைக்காது என்று மறைக்கிறார்கள். தாத்தா கிராமத்தை மறைத்த மாதிரி, பேரன் இப்போது சென்னையை மறைக்க வேண்டியிருக்கிறது.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் வந்தபோது, முடிந்தவரை குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பதுதான் எண்ணம். எங்கள் புளியந்தோப்புப் பக்கத்து கே.பி. பார்க்கில் பழைய குடியிருப்பை இடித்துவிட்டு அங்கேயே அடுக்குமாடி எழுப்பினார்கள். 2021இல் சுவரைத் தொட்டாலே பூச்சு உதிர்ந்தது, மக்கள் சண்டை போட்டார்கள், போடத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சண்டையை அவர்கள் தங்கள் தெருவில் நின்று போட்டார்கள். அடுத்த முறை கூவக் கரைக்கு ஜேசிபி வரும்போது, பூர்வீகம் கேட்காமல், அதே வார்டுக்குள் இடம் கேளுங்கள்.