வட்டியைவிட உறுதியைப் பாருங்கள்
காணி வாங்கத் தனியாரிடம் கடன் எடுப்பது பற்றிய இந்தக் கட்டுரை, 'கடன் தருபவரின் வட்டி வீதத்தை ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்தது' என்கிறது. திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் முதற்தடவையாகக் காணி வாங்குபவருக்கு இது ஆபத்தான அறிவுரை. வட்டி இரண்டாவது விஷயம். கடன் தருபவர் எந்த உறுதியில், அதாவது எந்த வகைக் காணிப் பத்திரத்தில், கையெழுத்துக் கேட்கிறார் என்பதே முதற்கேள்வி. காணியைக் கடனுக்குப் பிணையாக வைக்கும் ஈட்டு உறுதியென்றால் காணி உங்கள் பெயரிலேயே இருக்கும். பணம் கட்டத் தவறினாலும் தனியார் ஒருவர் வழக்குப் போட்டுத்தான் அதை விற்பிக்க முடியும். தவணைக்குள் பணம் கட்டினால் திருப்பித் தருவதாகக் காணியை அவருக்கே எழுதிக் கொடுக்கும் நிபந்தனை உறுதியென்றால், கையெழுத்திடும் அன்றே உரித்து (சொந்தம்) அவருக்குப் போய்விடும், தவணை தாண்டினால் மீட்பது பெரும்பாடு. 'இரண்டும் ஒன்றுதான் தம்பி' என்று சொல்பவரிடம் கடனே வேண்டாம். அடுத்தது, அவர் முன்பு கடன் கொடுத்த இரண்டு காணிகளின் விபரம் கேளுங்கள். காணிப் பதிவகத்தில் தேடினால் கடன் தீர்ந்தபின் ஈடு நீக்கிப் பதியப்பட்டதா என்று தெரியும். விபரம் தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். கட்டுரைக்குக் கருத்திட்ட ஒருவர் 'நூற்றுக்கு மூன்று மலிவு' என்று எழுதியிருக்கிறார். அது மாத வட்டி, ஆண்டுக்கு 36 வீதம். 10 இலட்சத்துக்கு மூன்று மாத வட்டியை முன்கூட்டியே கழித்தால் கைக்கு வருவது 910,000, உறுதியில் நிற்பதோ 10 இலட்சம். பணம் வங்கிக் கணக்கினூடாக வரட்டும், உறுதி எழுதும் நொத்தாரிசு நீங்கள் தெரிவுசெய்தவராக இருக்கட்டும். தொகை எழுதாத காசோலையில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள்.