கதையில் வரும் 'கழுவு' என்ற சொல்

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் பிறவிக் குருடன் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இயேசு தரையில் துப்பி, சேறு குழைத்துக் கண்ணில் பூசியதுதான் மனதில் நின்றது. பிறகு அவனைக் குளத்துக்குப் போய்க் கழுவச் சொன்னதை நான் யோசித்ததே இல்லை. கென்யா, தான்சானியாவின் மாசாய் மேய்ப்பர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல்லின் கனம் உறைத்தது.

மாசாய் பகுதிகளில் டிரக்கோமா என்ற கண்நோய் தலைமுறைகளாக இருக்கிறது. விரலாலும் துணியாலும் ஈயாலும் ஒட்டும். திரும்பத் திரும்ப வந்தால் இமையின் உட்புறம் தழும்பேறி, இமை உள்ளே மடங்கி, கண் சிமிட்டும்போதெல்லாம் இமைமுடி கருவிழியை உரசும். வலி தாங்காமல் சிறு இடுக்கியால் தங்கள் இமைமுடியைத் தாங்களே பிடுங்கிக்கொள்கிறார்கள். முடி மறுபடி முளைக்கும். மறுபடி பிடுங்க வேண்டும். இதனால் பார்வை இழப்பவர்களில் பெண்களே அதிகம். பிள்ளைகளை மடியில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே. ஆனால் குழந்தையின் முகத்தில் ஈ மொய்த்தால் அது மாடு நிறைந்த வீட்டின் அடையாளம் என்று எண்ணுகிறவர்களும் அங்கே உண்டு. அவர்களிடம் கிருமிப் படம் போட்ட சுவரொட்டியை நீட்டி என்ன பயன்?

அங்கே ஊழியம் செய்யப் போகிறவர்களிடம், அந்தக் குருடன் கதையைச் சொல்லுங்கள் என்கிறேன். மரத்தடியில், அவர்களுடைய மா மொழியில், அவர்களில் ஒருவரே சொல்லட்டும். வேதாகமத்து மனிதர்கள் அவர்களுக்கு உறவினர் மாதிரி. ஆபிரகாம் கூடாரத்தோடு அலைந்தவர். யாக்கோபு கிணற்றடியில் மந்தைக்குத் தண்ணீர் காட்டியவர். மோசே மாமனாரின் ஆடு மேய்த்தவர். எங்காய் என்ற அவர்கள் சொல் கடவுளையும் மழையையும் சேர்த்தே குறிக்கும், நம் மாரியைப் போல.

படிப்பும் அப்படித்தான். கென்யா 2003இல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியது. ஆனால் வறட்சியில் மந்தை நகர்கிறது, பள்ளிக்கூடம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. மகளைப் படிக்க அனுப்புவதா, மாடு வாங்கிக்கொண்டு கட்டிக்கொடுப்பதா என்பதை வீட்டுப் பெரியவர்களே முடிவு செய்கிறார்கள். அவர்கள் காதுபட, வேதாகமத்தில் வரும் செலொப்பியாத்தின் ஐந்து மகள்களின் கதையைச் சொல்ல வேண்டும். ஆண்பிள்ளை இல்லாத தகப்பன் இறந்ததும், ஐந்து பேரும் கூடார வாசலில் மோசேயின் முன்னால், சபையே பார்க்க நின்று, எங்கள் பங்கைக் கொடுங்கள் என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றார் கடவுள்.

ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மருந்தும் பள்ளியும் ஆள் சேர்க்கும் தூண்டில் ஆகக்கூடாது. 1966இல் தான்சானியாவின் லோலியோண்டோவில் இருந்த வின்சென்ட் டோனோவன் என்ற கத்தோலிக்கக் குரு, பள்ளியையும் மருத்துவமனையையும் ஒதுக்கி வைத்து, மாசாய்களிடம் நேரடியாகக் கடவுளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு ஆயருக்குக் கடிதம் எழுதினார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் கண் உறுத்தலோடு உட்கார்ந்திருக்கும் தாயிடம் கதையை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்ப எனக்கு மனம் வராது. ஞானஸ்நானம் பெறாத வீட்டுக் குழந்தையின் கண்ணும் கண்தான்.

கதை சொல்லும் மரத்தருகே இரண்டு கவைக்கம்புகளை நட்டு, நடுவே ஒரு சிறு பிளாஸ்டிக் கேனைத் தொங்கவிடலாம். கீழே கயிற்றில் கட்டிய குச்சியை மிதித்தால் கேன் சாயும். முகம் கழுவ ஒன்றிரண்டு கை நீர் போதும். 'கழுவு' என்ற இடத்துக்குக் கதை வரும்போது பிள்ளைகள் எழுந்து அங்கே ஓடட்டும். கேனை நிரப்பும் வேலையைத் திருச்சபை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே நெடுந்தூரம் நடந்து தண்ணீர் சுமக்கும் பெண்களின் முதுகில் தயவுசெய்து இதையும் ஏற்றாதீர்கள்.