அக்டோபரில் மட்டும் வரும் அழைப்புகள்

நவம்பர் பிறந்ததும் என் மகளின் நடன ஆசிரியையின் போன் அடங்கிவிடும். அக்டோபர் முழுக்க அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பிரிட்டனில் அக்டோபர்தான் கறுப்பின வரலாற்று மாதம், 1987இல் தொடங்கிய வழக்கம். அந்த ஒரு மாதம் பள்ளிக்கூடம், நூலகம், அலுவலகம் என்று எல்லா இடத்திலிருந்தும் அழைப்பு வரும். "ஒரு மணி நேரம் வந்து பிள்ளைகளுக்கு ஆப்பிரிக்க நடனம் சொல்லிக்கொடுங்கள்" என்பார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கிற கண்டம் அது. அப்புறம் அடுத்த செப்டம்பர் கடைசியில்தான் போன் அடிக்கும்.

போன வாரம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். இந்த ஆப்பிரிக்க நடன வகுப்பை ஏன் வருடம் முழுக்க வைக்கக் கூடாது என்று கேட்டேன். "அதைத்தான் அக்டோபரில் செய்துவிட்டோமே" என்று பதில் வந்தது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் என் மகள் போகிற வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். தென்கிழக்கு லண்டனில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடம். சனிக்கிழமை காலை. ஆசிரியைக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு இங்கே பிறந்தவர். கிங்ஸ்டனில் கொஞ்ச காலம், செனகலில் கொஞ்ச காலம் தங்கிக் கற்றிருக்கிறார். பிள்ளைகள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே இரண்டு முழவுக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒருவரிடம் கையால் அடிக்கிற ஜெம்பே, இன்னொருவரிடம் குச்சியால் அடிக்கிற டுன்டுன். பிள்ளைகள் வரிசை வரிசையாகக் கூடத்தின் ஒரு முனையிலிருந்து முழவுகளை நோக்கி ஆடி வருவார்கள். அடவு மாறவேண்டிய இடத்தில் யாரும் "ஒன்று, இரண்டு" என்று எண்ணுவதில்லை. ஜெம்பேக்காரர் ஒரு சொற்கட்டு வாசிப்பார், அதைப் பிரேக் என்கிறார்கள். அது காதில் விழுந்ததும் அடவு மாறவேண்டும். முதல் மாதம் என் மகள் ஆசிரியையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் அவளைத் திருப்பி முழவுக்காரரின் கையைப் பார்க்கச் சொன்னார். அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடிபட்டது. வகுப்பு முடிந்ததும் எல்லாரும் முழவுகளுக்கு முன்னால் குனிந்து தரையைத் தொட்டு வணங்குகிறார்கள். பரத வகுப்பில் ஆடி முடித்ததும் பூமியைத் தொட்டுக் கும்பிடுகிறவள் என் மகள். இதை அவளுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

நான் தமிழ் என்று தெரிந்ததும் ஆசிரியை என்னிடம் கேட்ட முதல் கேள்வி தப்பு என்கிற பறை வாத்தியத்தைப் பற்றித்தான். கயானாவில் ஒரு காளி கோயிலில் அந்த வாத்தியத்தைக் கேட்டிருக்கிறாராம். கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன நம் சனங்களோடு கடல் தாண்டிப் போன பெயர், இன்றும் அங்கே அதே பெயர்தான். வாரத்துக்கு ஒரு நாள் சொல்லிக்கொடுக்கிற இவருக்குள் எவ்வளவு படிப்பு இருக்கிறது என்று அன்று யோசித்தேன். கானாவின் அடோவா ஆட்டத்தில் கைவிரல்கள் பேசுகிற பேச்சு தெரியும். ஜமைக்காவின் குமினா ஆட்டத்தில் பாதம் தரையை விட்டு எழாமல் அங்குலம் அங்குலமாக நகர்வது தெரியும். குமினாவில் முழவுக்காரர் முழவின் மேலேயே உட்கார்ந்து, குதிகாலைத் தோலில் அழுத்திச் சுருதியை மாற்றுவார் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதையெல்லாம் அக்டோபரில் ஒரு மணி நேரத்துக்குள் எப்படிச் சொல்லமுடியும்?

ஆப்பிரிக்க, கரீபிய நடனத்தில் பேர்பெற்றவர்களின் வாழ்க்கையைப் பார்த்தாலும் இதே கதைதான். ஆடுகிறவரே ஆராய்ச்சியும் செய்யவேண்டும், பாடமும் எடுக்கவேண்டும், பணமும் புரட்டவேண்டும்.

பேர்ல் பிரைமஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1919இல் டிரினிடாடில் பிறந்து, சின்ன வயதிலேயே நியூயார்க் போனவர். 1940இல் ஹன்டர் கல்லூரியில் உயிரியல் பட்டம் வாங்கினார். மருத்துவம் படிக்க ஆசை. கறுப்பினப் பெண்ணுக்குச் சோதனைக்கூடத்தில் வேலை கொடுக்க ஆளில்லை. கிடைத்த சில்லறை வேலைகளைச் செய்துகொண்டே நடனத்துக்கு வந்தார். 1943இல் மேடையேறினார். அடுத்த வருடமே தெற்கு மாநிலங்களுக்குப் போய், யாரென்று காட்டிக்கொள்ளாமல் பருத்திக் காட்டுக் கூலிகளோடு வேலை செய்து, அவர்களுடைய தேவாலயங்களில் உட்கார்ந்து உடலசைவுகளைக் கவனித்தார். 1948இல் ரோசன்வால்ட் அறக்கட்டளையின் உதவித்தொகையில் ஆப்பிரிக்கா போனார். நைஜீரியாவில் யொருபா மக்கள் அவருக்கு ஓமோவாலே என்று பேர் வைத்தார்கள். பிள்ளை வீடு திரும்பிவிட்டது என்று பொருள். லைபீரியாவின் வரவேற்பு நடனமான ஃபங்காவை அமெரிக்காவில் பரப்பியதில் அவர் பங்கு பெரிது. இன்று அங்கே ஆப்பிரிக்க நடனம் கற்கும் குழந்தைகள் பலருக்கு அதுதான் முதல் பாடம். கடைசியில் 1978இல், வயது அறுபதை நெருங்கும்போது, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அந்தக் கடைசி வரிதான் என்னை உலுக்குகிறது. முப்பது வருடத்துக்கும் மேலாகத் தன் உடலில் சுமந்த அறிவுக்கு, அந்த வயதில் அவர் சான்றிதழ் வாங்கவேண்டியிருந்தது.

அவருக்குத் தொடக்கத்தில் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் பெரில் மக்பர்னி. அவரும் டிரினிடாட்காரர்தான். 1938இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனவர், நியூயார்க் மேடைகளில் லா பெல் ரோசெட் என்ற பெயரில் ஆடிப் புகழ்பெற்றார். அங்கேயே இருந்திருக்கலாம். ஊர் திரும்பினார். ஷாங்கோ, பொங்கோ, பெலே என்று படித்தவர்கள் முகம் சுளித்த கிராமத்து ஆட்டங்களை மேடையேற்றினார். 1948இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் வுட்புரூக் பகுதியில், ஒயிட் தெருவில், லிட்டில் கரீப் அரங்கைத் திறந்தார். அடிக்கல் நாட்டியவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன். எண்ணெய்ப் பீப்பாய்களை வாத்தியமாக்கி வாசித்து, காவல்துறை விரட்டிக்கொண்டிருந்த ஸ்டீல் பேண்ட் இளைஞர்களை அந்த மேடைக்கு அழைத்து வந்து உட்காரவைத்தவரும் மக்பர்னிதான். அந்தத் துணிச்சலுக்கு நான் தலைவணங்குகிறேன்.

கேதரின் டன்ஹமைப் பற்றிப் பலருக்குத் தெரியும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் மானுடவியல் மாணவி. 1935-36இல் ஜமைக்கா, மார்ட்டினிக், டிரினிடாட், ஹெய்ட்டி என்று தீவு தீவாகப் போய் நடனத்தைப் படித்தார். தனக்கென்று ஒரு நடனப் பயிற்சி முறையை உருவாக்கினார், குழுவோடு உலகம் சுற்றினார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. 1967இல் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்ற ஏழ்மையான தொழிற்சாலை நகரத்தில் போய்க் குடியேறி, அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். புகழின் உச்சியைப் பார்த்த ஒருவர் கடைசியில் வந்து நின்றது வகுப்பறையில்.

இவர்கள் எல்லாருமே ஆசிரியர்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கானாவில் மட்டும் ஒருமுறை சரியாகச் செய்தார்கள். சுதந்திரம் கிடைத்து ஐந்து வருடத்தில், 1962இல், லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு நிறுவனத்தில் ஆல்பர்ட் மவேரே ஓபோகுவும் இசையறிஞர் குவபேனா என்கேட்டியாவும் சேர்ந்து கானா நடனக் குழுவை அமைத்தார்கள். நடனத்துக்குப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இடமும் ஆளும் கிடைத்தன. அதே 1962இல் ரெக்ஸ் நெட்டில்ஃபோர்டும் எடி தாமஸும் தொடங்கிய ஜமைக்காவின் தேசிய நடனக் குழுவோ தன்னார்வலர்களால் ஆனது. பகலில் ஆளுக்கொரு வேலை, சாயங்காலம் ஒத்திகை. அந்த அர்ப்பணிப்பு பெரிதுதான். ஆனால் ஒரு கலை எத்தனை தலைமுறைக்குச் சம்பளமில்லாமல் ஓடமுடியும் என்று கேட்காமல் இருக்கமுடியவில்லை.

சரி, லண்டனுக்கு வருகிறேன். 1946இல் ஜமைக்காவைச் சேர்ந்த பெர்ட்டோ பசூக்கா இங்கே லே பாலே நெக்ரே என்ற குழுவைத் தொடங்கினார். பிரிட்டனின் முதல் கறுப்பின நடனக் குழு அதுதான். கலைகளுக்கு அரசுப் பணம் கொடுக்கிற ஆர்ட்ஸ் கவுன்சிலுக்குச் சாசனம் கிடைத்ததும் அதே வருடம்தான். பசூக்காவின் குழு ஐரோப்பா முழுக்க ஆடியது. அரசு உதவி மட்டும் வரவில்லை. 1952இல் குழு கலைந்தது. பிறகு 1984இல் கானாவிலிருந்து வந்த ஜார்ஜ் ட்ஸிகுனு அட்ஸிடோ என்ற பெரிய குழுவை அமைத்தார். கண்டத்தின் பல பகுதி நடனங்களை ஒரே மேடையில் காட்டிய குழு. 2000களின் நடுவில் நிதி நிறுத்தப்பட்டது, அதுவும் மூடப்பட்டது. ஒரு குழு மூடினால் ஆட்டம் மட்டும் போவதில்லை. அதில் வளர்ந்த முழவுக்காரர், உடை தைப்பவர், பாட்டுத் தெரிந்தவர் என்று ஒவ்வொருவராகச் சிதறுகிறார்கள். அடுத்து வருகிறவர் எல்லாவற்றையும் அடியிலிருந்து கட்டவேண்டியிருக்கிறது.

எங்கள் ஆசிரியை இப்படிக் கட்டிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர். வகுப்புக்கு இவ்வளவு என்று கூலி. உடம்பு சரியில்லாத வாரம் அதுவும் இல்லை. கூடத்துக்கு வாடகை, காப்பீடு, பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான டிபிஎஸ் சான்று, முழவுகளை ஏற்றிவர வண்டி எல்லாம் அவர் தலையில். பள்ளிகள் கூப்பிடும்போது முதலில் பேரம் பேசுவது முழவுக்காரரை வைத்துத்தான். "பாட்டை ஸ்பீக்கரில் போட்டுக்கொள்ளலாமே" என்பார்கள். இதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை. முழவு இல்லாமல் வரமாட்டேன் என்று சொல்லி இழந்த வேலைகள் உண்டு. ஸ்பீக்கர் பிள்ளையின் காலைப் பார்த்து வாசிக்காது. தடுமாறுகிற பிள்ளைக்காக ஜெம்பேக்காரர் பிரேக்கைத் தள்ளிப்போட்டு இன்னொரு சுற்று கொடுப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நட்டுவாங்கத்துக்கு ஆளில்லாமல் பதிவு செய்த பாட்டுக்கு ஆடிப் பழகிய நம் பிள்ளைகளின் பெற்றோருக்கு இது சொல்லாமலே புரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்த ஆசிரியர்களைப் பள்ளி நேர அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள். ஜனவரியிலும் மே மாதத்திலும் வகுப்பு இருக்கட்டும். முழவுக்காரரின் சம்பளம் அதே ஒப்பந்தத்தில் எழுதப்படட்டும். இது கறுப்பினப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றும் யாரும் நினைக்கவேண்டாம். எங்கள் சனிக்கிழமை வகுப்பில் போலந்துப் பையன் ஒருவன் இருக்கிறான், கினியாவின் கூக்கு ஆட்டத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை.

நானும் இன்னும் நான்கு பெற்றோரும் சேர்ந்து பள்ளி நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். இந்த மாதக் கூட்டத்தில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். லண்டனில் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற நண்பர்கள் கடித நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். பள்ளியின் பெயரை மாற்றி உங்கள் பள்ளிக்கு அனுப்புங்கள்.

வகுப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், இடம் சொல்கிறேன். சனிக்கிழமை காலை 11 மணி. தளர்ந்த உடை, ஒரு பாட்டில் தண்ணீர் போதும். செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். பெற்றோருக்கு நாற்காலி கிடையாது, நாங்களும் பின்வரிசையில் ஆடுகிறோம்.