பூட்டன் மேல் டைல்ஸ்

சமாதிக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர்களை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: அந்தக் கல்லில் என்ன எழுதியிருந்தது என்று ஒரு தடவையாவது படித்துப் பார்த்தீர்களா?

எங்கள் பக்கம் இறந்தவர்களைச் சொந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்து தலைமாட்டில் கல் நடுவார்கள். கிணற்று மேட்டில் அப்படி நின்ற பூட்டன் கல்லுக்கு, சித்தப்பா மகன் திடீர்ப் பக்தியில் சிமென்ட் பூசிப் பச்சை டைல்ஸ் ஒட்டிவிட்டான். மிஞ்சியது இவ்வளவுதான்: மேலே "தாது௵ மாசி௴", கீழே "குமாரர்". யாருடைய குமாரர், குமாரரின் பெயர் என்ன, எல்லாம் டைல்ஸுக்கு உள்ளே. கேட்டால், "இப்போதுதானே அண்ணா பார்க்க லட்சணமாக இருக்கிறது" என்கிறான்.

தாது வருடம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை வரும். அந்த மாசி 1877 ஆகவும் இருக்கலாம், 1937 ஆகவும் இருக்கலாம். முன்னது என்றால், தாது வருடப் பஞ்சத்தின் நடுவில் போய்ச் சேர்ந்தவர். கிணறு வெட்டியது அவருடைய மகன். பின்னது என்றால், கிணறு வெட்டியவரே இவர்தான். கருப்பண்ணன் கல் என்று ஊரே சொல்கிறது. எந்தக் கருப்பண்ணன்? பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்து வைத்து எங்கள் வீட்டில் கருப்பண்ணன்கள் வரிசைகட்டி நிற்கிறார்கள்.

சரி, நிலக் கணக்கில் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். இன்றைய பட்டா இணையத்தில் நொடியில் வருகிறது. பின்னோக்கி ஓர் அடி வைத்தால் 1979 முதல் 1987 வரை நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்து எழுதிய யு.டி.ஆர். திட்டத்தில் போய் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆகிவிட்டன. சர்வே எண்ணும் உட்பிரிவும் மாறிவிட்டன. கருப்பண்ணன் கருப்பனாகி, தகப்பன் பெயரின் முதலெழுத்தும் மாறி, எங்கள் பரம்பரையிலேயே இல்லாத ஒருவர் பட்டாதாரராக உட்கார்ந்திருக்கிறார். இத்தனைக்கும் நடுவில், 1980 நவம்பரில், ஊர் நிலக் கணக்கு எழுதிவந்த பரம்பரைக் கர்ணம் பதவியையும் ஒழித்தார்கள். ஒழிய வேண்டிய பதவிதான், அதற்காக நான் அழவில்லை. ஆனால் எந்த வயல் யாருடையது என்று மனப்பாடமாகத் தெரிந்தவர்களை, கணக்கைத் திருத்தி எழுதும் நேரம் பார்த்தா வீட்டுக்கு அனுப்புவது? அவர்கள் வீட்டுப் பரணில் கிடந்த கட்டுகளில் எத்தனை அலுவலகம் வந்து சேர்ந்தன, எத்தனை வெந்நீர் அடுப்புக்குப் போயின?

அதற்கும் முந்தைய, நிலத்தை அளந்து வரி விதித்தபோது எழுதிய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகல் கேட்டேன். "என்ன வழக்கு?" என்றார் எழுத்தர். வழக்கு இல்லை, குடும்ப வரலாறு என்றேன். வேலை வெட்டி இல்லாதவன் என்று முடிவுகட்டிய முகம் அது. தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டேன். "பதிவேடு சிதிலமடைந்த நிலையில் உள்ளதால் நகல் வழங்க இயலாது" என்று பதில். சிதிலத்தையே வந்து பார்க்கிறேன், நேரில் பார்வையிடும் உரிமையும் அந்தச் சட்டத்தில்தானே இருக்கிறது என்று எழுதினேன். "கோரப்பட்ட ஆவணம் இருப்பில் இல்லை" என்று வந்தது. முதல் கடிதத்தில் சிதிலம், அடுத்ததில் ஆளே இல்லை! மனைப்பிரிவு போடுகிற புண்ணியவான் கேட்டால் மட்டும் அதே பதிவேடு எழுந்து நடந்து வரும் என்று வாசலில் மனு எழுதித் தருகிறவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிச்சம் சொந்தக்காரர்கள். நம் ஊரில் பழைய பத்திரத்தைக் கேட்டாலே பங்கு கேட்க வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். பெரியப்பாவிடம் கேட்ட உடனே, "எந்த வக்கீல் சொல்லி அனுப்பினார்?" என்றார். கெஞ்சிக் கூத்தாடிய பிறகு ஒரு போக்கியப் பத்திரத்தை மடியை விட்டு இறக்காமலே விரித்துக் காட்டினார். மடிப்பு மடிப்பாக விண்டுபோன முத்திரைத்தாள். பத்திரத்தில் நான் முதலில் தேடுவது நான்கெல்லையைத்தான். தொகையை எப்படியும் எழுதிக்கொள்வார்கள். பக்கத்து நிலத்துக்காரன் பெயரை மாற்றி எழுத யாருக்கும் அவசியம் இல்லை. கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே ஓடை, வடக்கே ஊர்க்காரர் ஒருவர் பூமி. தெற்கே? "என் இளைய சகோதரன் பாகத்துக்கு வடக்கு."

இளைய சகோதரனா? எங்கள் வீட்டில் அப்படி ஒருவரைப் பற்றி யாரும் வாய் திறந்ததே இல்லை. அந்தத் தெற்குப் பாகத்தில் இன்று பெரியப்பாவின் தென்னந்தோப்பு நிற்கிறது. தேதியைப் பார்க்கக் குனிந்தேன். அதற்குள் பத்திரம் மடங்கிவிட்டது. "படித்தது போதும்."

இப்போது கேள்விப்படுகிறேன்: நான் வழக்குப் போடப்போகிறேன் என்று பயந்து பெரியப்பா மகன் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாராம். மிகவும் நல்லது அண்ணா. அந்தப் பத்திரத்தை வக்கீலிடமாவது முழுதாகக் காட்டியிருப்பீர்கள். பீஸை நானே கட்டுகிறேன், எனக்கும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.